ஸ்டோரக்கா காட்டிய பக்கம்

கல்லூரியின் பின்பக்கக் கட்டிடத்தில், மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஒரு அறை. உள்ளே காற்றுப் போன பந்துகள், ஈட்டிகள், சுண்ணாம்புத் தூள் மூட்டைகள், கயிறு, கொடிகள், யாரோ எப்போதோ விட்டுப்போன ஒற்றைக் காலுறைகள். அறைக்கு வெளியே ஒரு ஸ்டூல். ஸ்டூலில் ஸ்டோரக்கா. முதல்வரிலிருந்து தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவள் ஸ்டோரக்காதான்.

அவளிடமிருந்து ஒரு பந்தை வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். போன வாரம் எடுத்துப்போன பந்து எங்கே, அதில் எப்படி ஓட்டை விழுந்தது, வீட்டிலும் சாமான்களை இந்த லட்சணத்தில்தான் வைத்திருப்பாயா என்று கேட்டு, பதிலையும் முழுசாகக் கேட்டுக்கொண்ட பிறகுதான் எழுந்திருப்பாள். ஆனால் கால் சுளுக்கி நொண்டிக்கொண்டு வருகிற பெண்ணை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, தான் தரையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதும் அவள்தான். திட்டிக்கொண்டேதான் நீவுவாள். அந்தத் திட்டைக் கேட்பதற்கென்றே சில பெண்கள் சுளுக்கை வரவழைத்துக்கொள்வதாக ஒரு பேச்சு உண்டு.

பதின்மூன்று வருடமாக அந்த வேலை. பதின்மூன்று வருடமும் தற்காலிகம். விடுமுறை தொடங்கும் நாள் வேலையிலிருந்து நிறுத்துவார்கள். கல்லூரி திறக்கும் நாள் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். "வருஷத்துக்கு ஒரு தரம் பொறந்து, வருஷத்துக்கு ஒரு தரம் சாகறவ நான்" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். அந்தச் சிரிப்பெல்லாம் வீட்டு வாசல் வரைக்கும்தான். வீடு இரண்டே அறை. முன்னறைக் கட்டிலில் கணவன் படுத்திருப்பான். பட்டறையில் லேத் ஓட்டியவன். இரும்புத் தண்டு ஒன்றைத் தூக்கப்போய் முதுகில் ஏதோ பிசகி, நாலு வருடமாகப் படுக்கை. அறுவை சிகிச்சை செய்தால் எழுந்து நடப்பான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்லூரி அவளை நிரந்தரப் பணியாளர் என்று எழுதி ஒரு தாள் கொடுத்தால் குடும்பத்துக்கே மருத்துவ அட்டை கிடைக்கும். அட்டை இருந்தால் ஆஸ்பத்திரி. ஸ்டோரக்காவின் வாழ்க்கை மொத்தமும் அந்த ஒரு தாளில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

காலையில் அந்த அறைக்கு முதலில் வந்து நிற்பவர்கள் கிராஸ் கன்ட்ரி பெண்கள். மைதானத்துக்குள் சுற்றிவருகிற ஓட்டம் இல்லை அது. மேடு, பள்ளம், சேறு, குளக்கரை என்று ஆறு கிலோமீட்டர் வெளியே ஓட வேண்டும். ஒரு அணிக்கு ஆறு பெண்கள். முதலாவதாக வந்தவளுக்கு ஒன்று, முப்பதாவதாக வந்தவளுக்கு முப்பது என்று எண் போட்டு, ஒவ்வொரு அணியிலும் முன்னால் வந்த நாலு பேரின் எண்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எவர்களுக்குக் குறைவோ அவர்களுக்குக் கோப்பை. கூடைப்பந்துப் பெண்கள் இவர்களை, "துரத்த ஆளே இல்லாம ஓடுற கோஷ்டி" என்று கேலி செய்வார்கள். கேலி செய்கிற நாளில் அவர்களுக்குப் பந்து கிடைக்காது.

அந்த ஆறு பேரில் ஒருத்திக்குத் தந்தி என்று பட்டப்பெயர். வேகத்துக்காக வைத்தது என்று வெளியாட்கள் நினைப்பார்கள். உண்மையில் பேச்சுக்காக வைத்தது. வார்த்தைக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்களோ என்று பயந்தவள் மாதிரி பேசுவாள்.

"சாப்டியாடி?"

"ஆச்சு."

"முட்டி வலி எப்படி இருக்கு?"

"இருக்கு."

"உன்கிட்ட பேசறதுக்கு இந்தச் சுவத்துகிட்ட பேசலாம்" என்பாள் ஸ்டோரக்கா. தந்தி வாய்க்குள்ளேயே சிரிப்பாள். மதியம் மற்ற பெண்கள் மரத்தடியில் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது அவள் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டோர் வாசலுக்கு வந்துவிடுவாள். இரண்டு பேரும் பேசாமல் சாப்பிடுவார்கள். ஸ்டோரக்காவுக்குப் பிள்ளை கிடையாது. தந்திக்கு அம்மா கிடையாது. இதை இரண்டு பேரும் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

தந்தியின் அப்பா லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தா. பெண் ஓடுவது அவருக்குப் பிடிக்காது, ஆனால் தடுக்கவும் இல்லை. வாக்கு ஒன்று வாங்கியிருந்தார். கடைசி வருடப் போட்டியில் முதல் ஆறு இடத்துக்குள் வந்தால் பல்கலைக்கழக அணியில் சேர்ப்பார்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டுப் பயிற்சிக் கல்லூரியில் சீட்டும் விடுதியும் உண்டு. வந்தால் போ, படித்துக் கோச் ஆகு. வரவில்லையென்றால் அத்தை வேலை பார்க்கிற சட்டைக் கம்பெனிக்குப் போக வேண்டும், அப்புறம் ஓட்டம் கீட்டம் என்று பேச்சு எடுக்கக் கூடாது. தந்தி இதை ஸ்டோரக்காவிடம் சொல்லி முடிக்க மூன்று மதியம் பிடித்தது.

அந்த வருடப் போட்டிப் பருவம் மழை விட்டும் விடாமலும் தொடங்கியது. முதல் போட்டியில் முழங்கால் வரை சேறு, தந்தி ஒன்பதாவது. இரண்டாவது போட்டியில்தான் அந்தக் கூத்து நடந்தது. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் கொடி பிடித்து நின்ற ஆள் இடதுபக்கம் காட்ட, கேப்டன் பெண், காலையில் தான் நடந்து பார்த்தபோது வலதுபக்கம்தான் இருந்தது என்று சொந்த மூளையை நம்பி வலதுபக்கம் திரும்பினாள். பின்னால் வந்த இரண்டு பேரும் அவளைப் பார்த்துத் திரும்பினார்கள். மூன்று பேரும் ஒரு மாட்டுக் கொட்டகையில் போய் நின்றார்கள். அணி கடைசி.

விளையாட்டுத் துறை மேடத்துக்குச் சாதாரணமாகவே மூக்கு மேல் கோபம். அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். மறுநாள் காலை ஆறு பேரையும் ஸ்டோர் வாசலில் வரிசையாக நிறுத்தினார்.

"மூளையை எல்லாரும் வீட்லயே வெச்சுட்டு வாங்க. ஓடும்போது கால் மட்டும் போதும். கொடி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். கொடி கிணத்தைக் காட்டுச்சுன்னா கிணத்துல குதிக்கணும். புரிஞ்சுதா?"

அதோடு விடவில்லை. தினமும் பயிற்சியில் ஸ்டோரக்காவைச் சிவப்புக் கொடியோடு குளத்தோரம் பழைய பம்ப் ஷெட் பக்கத்தில் நிறுத்தினார். அங்கே பாதை பிரியும்: வலதுபக்கம் போனால் குளத்தைச் சுற்றி இன்னொரு சுற்று, இடதுபக்கம் போனால் மைதானம். ஸ்டோரக்கா தன் இஷ்டத்துக்குக் காட்டுவாள். எண்ணிப்பார்த்து யாராவது தயங்கினால் அந்தப் பெண்ணுக்குக் கூடுதலாக ஒரு சுற்று. முதல் வாரம் எல்லோரும் தயங்கினார்கள். இரண்டாம் வாரம் கேப்டன் மட்டும். தந்தி முதல் நாளிலிருந்தே தயங்கவில்லை. கொடி சாய்வதற்குள் அவள் கால் சாய்ந்துவிடும். ஸ்டோரக்காவின் கழுத்தில் ஒரு விசிலும் தொங்கும். நீளமாக ஊதினால், "விடாதே, இன்னும் வேகமா இழு" என்று அர்த்தம். மேடம் சொல்லிக்கொடுத்த அர்த்தம் இல்லை. ஸ்டோரக்காவே உற்சாகத்தில் ஊத ஆரம்பித்து, அப்படியே வழக்கமாகிவிட்டது.

மூன்றாவது போட்டியில் அணி முதலிடம். தந்தி இரண்டாவது. அவளைத் தாண்டியவள் ஒரே ஒருத்தி, அதுவும் நாலு அடி வித்தியாசத்தில். அன்று தந்தி ஸ்டோர் வாசலுக்கு வந்து, "அக்கா, முடியும்" என்றாள். இரண்டே வார்த்தை. ஸ்டோரக்கா அவள் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு, "முடியும்னு தெரியாமலா தினம் உன் ஷூவைத் துடைச்சு வெக்கறேன்?" என்று எரிந்து விழுந்தாள்.

கடைசிப் போட்டி அந்த வருடம் இவர்கள் கல்லூரியிலேயே நடந்தது. பதினாறு கல்லூரிகள், தொண்ணூறுக்கு மேல் பெண்கள். ஒரு வாரமாக ஸ்டோரக்காவுக்குத் தலைக்கு மேல் வேலை. சுண்ணாம்புக் கோடு போட்டாள், கயிறு கட்டினாள், நெஞ்சில் குத்துகிற எண் துணிகளை அடுக்கினாள். போட்டியன்று காலை முதல்வர் அந்தப் பக்கம் வந்தவர் அவளைப் பார்த்து நின்றார்.

"உங்க ஃபைல் என் மேஜைமேலதான் இருக்கு. இன்னைக்குச் சொதப்பல் இல்லாம முடியட்டும். வர்ற வாரம் கையெழுத்துப் போட்டுடறேன்."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய் கணவனுக்குப் போன் செய்தாள். அவன், "எந்த வாரம்னு எழுதி வாங்கிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தான். சிரித்தபோது வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டான்.

பம்ப் ஷெட் முனையில் அவளை நிறுத்தினார்கள். அங்கே தனியாக நிற்க வேண்டியதில்லை. வணிகவியல் பேராசிரியர் ஒருவரும் உண்டு. ஓடிவருகிற பெண்களின் எண்ணைப் பார்த்து யாருக்கு எத்தனையாவது சுற்று என்று தாளில் குறித்து அவர் சொல்ல, அதன்படி இவள் கொடி காட்ட வேண்டும். மொத்தம் மூன்று சுற்று. முதல் இரண்டு தடவைக்கு வலது, மூன்றாவது தடவைக்கு இடது. முதல் சுற்று பிசகில்லாமல் போனது. இரண்டாவது சுற்றில் முதல் இருபது முப்பது பேர் கடந்ததும் பேராசிரியருக்குப் போன் வந்தது. சிறப்பு விருந்தினர் வாசலில் இறங்கிவிட்டாராம். "அஞ்சு நிமிஷம், நீங்களே பார்த்துக்கங்க" என்று தாளை அவள் கையில் திணித்துவிட்டுப் போனவர் போனவர்தான்.

ஸ்டோரக்கா ஒரு கையில் கொடி, ஒரு கையில் தாள் என்று நின்றாள். இரண்டாவது சுற்றை முடிக்கிற மந்தமான பெண்கள் கொத்துக் கொத்தாக வந்துகொண்டிருந்தார்கள். பாதி ஓட்டம், பாதி நடை. சிலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டு வந்தார்கள். வலது, வலது, வலது என்று கை தானாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கொத்துக்கு நடுவிலிருந்து அவர்களை விலக்கிக்கொண்டு தந்தி வந்தாள். வாய் மூடியிருந்தது. முகத்தில் வலி தெரியவில்லை. அவளுக்கு அது மூன்றாவது சுற்று. முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. அவள்தான் முதல்.

முனைக்கு வந்ததும் தந்தியின் கண் ஸ்டோரக்காவின் முகத்துக்கு வந்தது. ஒரு கணம்தான். கொடி வலதுபக்கம் இருந்தது. "போடி, போ!" என்று ஸ்டோரக்கா கத்தினாள், ஆசையாக, பெருமையாக. தந்தி வலதுபக்கம் திரும்பினாள்.

அடுத்து ஒரு பெண் தனியாக வந்தாள், வேறு கல்லூரிக்காரி. கொடியை ஏறிட்டும் பார்க்கவில்லை. தன் பாட்டுக்கு இடதுபக்கம் திரும்பி மைதானத்தை நோக்கிப் போனாள். ஏன் இவள் இப்படிப் போகிறாள் என்று ஸ்டோரக்கா தாளைப் பார்த்தாள். தந்திக்கும் அது மூன்றாவது சுற்று என்று அப்போதுதான் உறைத்தது.

தந்தி அதற்குள் குளக்கரையில் வெகு தூரம் போயிருந்தாள். "ஏய்! ஏய்!" என்று இவள் கத்தியதைக் காற்று அப்படியே வாங்கிக்கொண்டது. ஓடிப்போய்ப் பிடிக்கலாமென்றால் முனையில் யாரும் இல்லை, பின்னால் பெண்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். ஸ்டோரக்கா விசிலை வாயில் வைத்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து நீளமாக ஊதினாள்.

தந்தி திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டது என்று ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு இன்னும் வேகமாக இழுத்தாள்.

நாலாவது சுற்றை முழுசாக ஓடிவிட்டு அவள் மறுபடி முனைக்கு வந்தபோது ஸ்டோரக்காவின் கொடி இடதுபக்கம் இருந்தது. தந்தி திரும்பி மைதானத்துக்குள் நுழைந்து கோட்டைத் தாண்டினாள். அவளுக்கு நாற்பத்தோராவது இடம் என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்கள். அவள் சீட்டைப் பார்த்தாள், கொடுத்தவரைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள். அணி நாலாவது இடத்துக்கு இறங்கியது.

பலகையில் முடிவுகளை ஒட்டினார்கள். ஒட்டிய நேரத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் யாரும் ஆட்சேபம் சொல்லலாம். வழி காட்டியவர் தப்பாகக் காட்டிவிட்டதாக அவரே நடுவர் குழுவிடம் ஒப்புக்கொண்டால், அந்த முனையில் எந்த இடத்தில் இருந்தாளோ அந்த இடத்தை ஓடியவளுக்குக் கொடுப்பார்கள். மேடம் விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். தந்தியை ஒரு கையிலும் ஸ்டோரக்காவை ஒரு கையிலும் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடுவர் மேஜை முன்னால் நிறுத்தினார். மேஜைக்குப் பின்னால் மூன்று நடுவர்கள். பக்கத்து நாற்காலியில் முதல்வர், சிறப்பு விருந்தினரோடு.

"பம்ப் ஷெட்டுல என்ன நடந்துது?" என்று பெரிய நடுவர் கேட்டார்.

வணிகவியல் பேராசிரியர் எங்கிருந்தோ முளைத்து, "எல்லாம் சரியாத்தான் நடந்துது சார்" என்றார். இடத்தை விட்டுப் போனது தெரிந்துவிடக் கூடாதே என்று அவருக்குக் கவலை.

மேடம் ஸ்டோரக்காவின் பக்கம் திரும்பினார். "இவ மூணாவது சுத்துல வந்தப்ப எந்தப் பக்கம் காட்டினே?"

ஸ்டோரக்கா முதல்வரைப் பார்த்தாள். அவர் விருந்தினரிடம் பேசுவதை நிறுத்திவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று வருடம் அவள் கண் முன்னால் ஓடியது என்று சொன்னால் அது பொய். அவளுக்கு வந்தது ஒரே நினைப்புதான்: கட்டிலிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒரு மனுஷன்.

"இடதுபக்கம்தான் காட்டினேன் மேடம்."

எதிலும் பொய் சொல்லாதவள் என்று பெயர் எடுத்தவள். பந்து தொலைந்தாலும் தான் தொலைத்ததைத் தானே போய்ச் சொல்கிறவள். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மேடம் தந்தியைப் பிடித்து உலுக்கினார்.

"வாயைத் திறடி. அக்கா எந்தப் பக்கம் காட்டினாங்க?"

தந்தி ஸ்டோரக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை ஸ்டோரக்காவால் தாங்க முடியவில்லை. கொடியைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"தெரியல மேடம்" என்றாள் தந்தி. "நான் சரியாப் பார்க்கலை போல."

"பார்க்கலையா? கண்ணு என்ன புடனிலயா இருக்கு? வருஷம் பூரா படிச்சுப் படிச்சு சொன்னேனே, கொடியைப் பாரு, கொடியைப் பாருன்னு!" மேடத்தின் குரல் உடைந்துவிட்டது. கோபத்தில் இல்லை. அவருக்கும் அந்தப் பெண்மேல் உயிர்.

அரை மணி முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஸ்டோரக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுண்ணாம்பு மூட்டைமேல் உட்கார்ந்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பத்து நிமிடம் இருந்தபோது எழுந்து வெளியே வந்து மேஜை வரைக்கும் போனாள். முதல்வர் அவளைப் பார்த்து, "பரவாயில்லையே, ஏற்பாடெல்லாம் ஜோரா இருந்துது" என்றார். மேஜையில் கிடந்த காலி டம்ளர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். மூன்று நடுவர்களும் தாளில் கையெழுத்துப் போட்டார்கள்.

அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஆசைதான். அந்த இருபது நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்வது?

தாள் வந்தது. முதல்வர் சொன்ன வாரம் தப்பவில்லை. இரண்டு மாதத்தில் கணவனுக்கு அறுவை சிகிச்சை ஆனது. நாலாவது மாதம் அவன் தெருமுனைக் கடை வரைக்கும் நடந்துபோய் பிளேடு வாங்கி வந்தான். அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று பார்த்தார்கள். அவன் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே அவளைப் பார்த்து, "நான் நடந்ததுல ஊருக்கே சந்தோஷம். உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்டான். அவள் அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டாள்.

தந்தி அந்தப் போட்டிக்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு ஸ்டோர் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டாள். பரீட்சை முடிந்து ஷூவைத் திருப்பிக் கொடுக்க ஒரே ஒரு தடவை வந்தாள். ஷூவைக் கழுவி, வெயிலில் காயவைத்து, கயிற்றைத் தனியாகச் சுருட்டிக் கொண்டு வந்திருந்தாள். "வரேன்க்கா" என்றாள். ஸ்டோரக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். கூடைப்பந்துப் பெண்கள் பந்து கேட்டு வந்து நின்றார்கள். அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் பந்தைக் கொடுத்தாள்.

அவளுக்கு ஒரு சமாதானம் மட்டும் இருந்தது. பெரிய சமாதானம் இல்லை, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் பிழைத்திருந்தாள். தந்திக்கு உண்மை தெரியும். தெரிந்தே தன்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டுவிட்டாள். அப்படியானால் எங்கோ ஒரு மூலையில் மன்னித்திருக்கிறாள். இப்படி நினைத்துக்கொண்டால்தான் சோறு இறங்கியது.

மறு வருடம் மழை விட்டது. புதிதாக ஆறு பெண்கள் வந்தார்கள். மேடம் அவளைக் கொடியோடு பம்ப் ஷெட்டுக்குப் போகச் சொன்னார். போனாள், நின்றாள், ஒரு பெண் ஓடிவந்து அவள் முகத்தைப் பார்த்தபோது கொடியைக் கீழே போட்டுவிட்டாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிச் சட்டைக் கம்பெனிக்குப் போனாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். தந்தி கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, விரலில் பிளாஸ்திரி. செக்கிங் பிரிவாம், தைத்து வருகிற சட்டைகளில் விட்டுப்போன தையலைக் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. ஸ்டோரக்காவைப் பார்த்ததும் வாய்க்குள்ளேயே அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் சிமென்ட் திண்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"மாமா எப்படி இருக்காரு?"

"நடக்கிறாருடி."

"நல்லதுக்கா."

வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஸ்டோரக்கா எடுத்த எடுப்பில் சொன்னாள். "அன்னைக்கு நான் வலதுபக்கம்தான் காட்டினேன். நீ மூணாவது சுத்துன்னு எனக்கு உறைக்கல. அப்புறம் விசில் ஊதினது உன்னை நிறுத்தறதுக்கு. மேஜையில நான் சொன்னது பொய். எல்லாம் உனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னை விட்டுட்டே. எம் பொழப்புக்காக நீ விட்டுட்டே, நான் உன்னை..."

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து தந்தியைப் பார்த்தாள். அந்தப் பெண் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

"வலதுபக்கமா?" என்றாள் தந்தி.

"ஆமாடி."

"நிஜமாவே வலதுபக்கமாக்கா?"

ஸ்டோரக்கா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். இவளுக்குத் தெரியாது. இத்தனை நாளும் தெரியாது.

"நீங்க இடதுபக்கம்னு சொன்னீங்க. நீங்க எதுக்குப் பொய் சொல்லப்போறீங்க?" தந்தி தன் உள்ளங்கையைப் பார்த்துப் பேசினாள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி ஸ்டோரக்கா கேட்டதில்லை. "எனக்கு வலதுபக்கம் காட்டின மாதிரிதான் இருந்துது. நீங்க சொன்னதும், சரி, நாமதான் தப்பாப் பார்த்திருக்கோம்னு நினைச்சுக்கிட்டேன். அப்பாவைக் கூட்டிக்கிட்டுக் கண் டாக்டர்கிட்ட போனேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாரு. அப்போ புத்திதான் சரியில்லைன்னு அப்பா சொன்னாரு. எனக்கும் அப்படித்தான் பட்டுது. மேடம் மறுபடி ஒரு வருஷம் தயார் பண்ணி வெளியிலேர்ந்து கலந்துக்கோன்னு ஆள் விட்டாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். ஒரு கொடியைப் பார்க்கத் தெரியாதவ நாளைக்கு நாலு பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுக்கிறது?"

ஸ்டோரக்கா அவள் கையைப் பிடித்தாள். "வா, இப்பவே மேடம்கிட்ட சொல்றேன். முதல்வர்கிட்ட சொல்றேன். என்னை வேலையை விட்டுத் தூக்கினாலும் தூக்கட்டும்."

"இப்ப சொல்லி?"

தந்தி கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. அவள் கோபப்பட்டு நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று ஸ்டோரக்காவுக்கு இருந்தது. மணி அடித்தது. பெண்கள் கைகளை உதறித் துடைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்கள். தந்தியும் எழுந்து, திறக்காத சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, "பார்த்துப் போங்கக்கா, ரெண்டு பஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அக்கா, எனக்குப் பின்னாடி வந்தவ எவ்வளவு நேரம் கழிச்சு வந்தா?"

ஸ்டோரக்காவுக்கு அது மனப்பாடம். கண்ணை மூடினால் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நாப்பது செகண்ட்."

"நாப்பதா?"

"நாப்பது. அவதான் ஃபர்ஸ்ட் வந்தா."

தந்தி தலையாட்டினாள். போட்டியன்று கோட்டைத் தாண்டி நாற்பத்தொன்று என்ற சீட்டைக் கையில் வாங்கியபோது அவள் அழவில்லை. மேடம் பிடித்து உலுக்கியபோதும் அழவில்லை. சற்று முன்னால் திண்டில் உட்கார்ந்திருந்தபோதும் அழவில்லை. இப்போது, உள்ளே போகிற பெண்கள் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போக, வாசல் நடுவில் நின்று அழுதாள்.